மாமனாரின் கொள்ளுத்தாத்தா நடத்திய பப் எங்கே போனது?

லண்டன் குரோய்டனில் 19 ஆண்டுகளாக வசிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், கணவர் ஆங்கிலேயர். மாமனாருக்கு 86 வயது. நினைவு தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் சில மாதங்களாகப் பெயர்கள் நழுவுகின்றன. தன் கொள்ளுத்தாத்தா லண்டனின் பெர்மாண்ட்சிப் பகுதியில் 'ரெட் லயன்' என்ற பப்பைச் சொந்தமாக வைத்திருந்தார், பீர் ஆலைக்காரர்கள் ஏமாற்றிப் பறித்துக்கொண்டார்கள், பின்னால் போரில் குண்டு விழுந்து கட்டடமும் போய்விட்டது என்பது அவர் சொல்லிவரும் கதை.

வாசகியின் கையில் இருப்பவை நான்கு. மாமனாருடைய தாத்தாவின் 1897-ஆம் ஆண்டுத் திருமணச் சான்றிதழ். அதில் மாப்பிள்ளையின் தகப்பனார் தொழில் 'லைசென்ஸ்டு விக்சுவலர்', அதாவது லைசென்ஸ் பெற்ற மதுக்கடைக்காரர். ஒரு பப் வாசலில் ஒன்பது பேர் நிற்கும் பழுப்பேறிய புகைப்படம். ஒரு பியூட்டர் (வெள்ளீயக் கலவை) குவளை. கொள்ளுப்பாட்டி 'பெக்கம் அசைலத்தில்' இறந்தார் என்று ஓர் அத்தை எழுதிவைத்த துண்டுச்சீட்டு. இந்தச் சீட்டைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லையாம்.

பணம் கட்டும் ஓர் இணையதளத்தில் தேடியபோது, 1901 சென்சஸில் அதே பெயரில் ஒரு துறைமுகக் கூலியாள் கிடைத்திருக்கிறார். கதை பொய்யோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அதே தளத்தில் யாரோ போட்டுவைத்த வம்சமரம் குடும்பத்தை 1700-களின் ஒரு சத்திரக்காரர் வரை கொண்டுபோகிறது. அதை நம்பலாமா என்று கேட்கிறார். பப் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, அந்த மனையில் குடும்பத்துக்கு ஏதாவது உரிமை மிச்சமிருக்கிறதா, 600 பவுண்டு கேட்கும் ஆய்வாளரிடம் வேலையைக் கொடுக்கலாமா என்பவை மற்ற கேள்விகள். கடைசியாக, ஊரிலிருக்கும் அம்மா, "சாராயக் கடைக்காரன் வம்சம்னு பிள்ளைக்கு எழுதிக் கொடுக்காத" என்கிறாராம். பன்னிரண்டு வயது மகளுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

அன்புள்ள சகோதரி,

1901-இல் ஒரு கூலியாளைப் பார்த்ததும் மாமனாரின் கதையைத் தள்ளிவைத்துவிட்டீர்கள். அவசரப்பட வேண்டாம். சென்சஸ் என்பது பத்து வருடத்தில் ஒரே ஓர் இரவின் கணக்கு. 1891-இல் அது ஏப்ரல் 5, 1901-இல் மார்ச் 31. உங்கள் 1897 சான்றிதழ் இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் விழுகிறது. லண்டனில் பப் நடத்தியவர்களில் பலர் இரண்டு மூன்று வருடத்திலேயே கடை மாறினார்கள், தொழிலையும் விட்டார்கள். 1893-இல் கடை எடுத்து 1899-இல் நொடித்து 1901-இல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவர் இரண்டு சென்சஸிலும் பப்காரராகத் தெரியவே மாட்டார். ஆகவே அந்தக் கூலியாள் உங்கள் ஆளாகவும் இருக்கலாம், அதே பெயர் கொண்ட வேறொருவராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் பார்க்காமல் வயது, பிறந்த ஊர், மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர் வரிசை ஆகிய நான்கையும் 1891 பக்கத்தோடு ஒத்துப்பாருங்கள்.

சான்றிதழையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தகப்பனாரின் தொழிலை மாப்பிள்ளை சொல்ல, பதிவாளர் எழுதிக்கொண்டார், யாரும் சரிபார்க்கவில்லை. கல்யாணத்தன்று தகப்பனாரை ஒரு படி உயர்த்திச் சொல்வது அந்த ஊரிலும் வழக்கம்தான். வெறும் பீர் விற்றவர்கூட ஏட்டில் 'விக்சுவலர்' ஆகியிருப்பார். தகப்பனார் காலமாகியிருந்தும் 'காலஞ்சென்ற' என்ற சொல் விடுபட்ட சான்றிதழ்கள் ஏராளம்.

லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு போங்கள்

நீங்கள் இதுவரை குடும்பப் பெயரையும் பப்பின் பெயரையும் வைத்துத் தேடியிருக்கிறீர்கள். இரண்டுமே வழுக்கும். லண்டனில் 'ரெட் லயன்' தெருவுக்குத் தெரு இருந்தது. ஆளையும் கடையையும் ஒரே வரியில் கட்டிப்போடுவது லைசென்ஸ் ஒன்றுதான். இன்னாருக்கு, இன்ன கட்டடத்தில் விற்க, என்று இரண்டையும் சேர்த்துத்தான் அது கொடுக்கப்பட்டது. ஆள் மாறினால் நீதிபதிகள் முன் போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. பீர், ஒயின், சாராயம் மூன்றும் விற்கும் முழு லைசென்ஸ் கடை; அதை உள்ளூர் நீதிபதிகள் கொடுத்தார்கள். இன்னொன்று பீர்க்கடை. 1830-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும், வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் கலால் துறையிடம் 2 கினி கட்டித் தன் முன்னறையிலேயே பீர் விற்கலாம், நீதிபதியிடம் போகவே வேண்டாம் என்றானது. 1869-இல் அந்தப் பீர்க்கடைகளையும் நீதிபதிகளின் கீழ் கொண்டுவந்தார்கள். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் லைசென்ஸ் பதிவேடு வைத்தாக வேண்டும். உங்கள் காலம் 1890-கள் என்பதால் இந்தப் பதிவேடு உங்களுக்குச் சாதகம். கடையின் பெயர், இடம், லைசென்ஸ்காரர், கட்டடத்தின் உடைமைக்காரர், கைமாறிய தேதி, தண்டனை பெற்றிருந்தால் அதுவும் ஒரே வரிசையில் இருக்கும். எல்லா வட்டத்துப் பதிவேடும் பிழைக்கவில்லை. லண்டன் ஆர்க்கைவ்ஸ் என்ற ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது பெர்மாண்ட்சி அந்த ஆண்டுகளில் எந்த லைசென்ஸ் வட்டத்தைச் சேர்ந்தது, அந்த வட்டத்தின் பதிவேடு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். 'என் கணவரின் முன்னோரைத் தேடுகிறேன்' என்று ஆரம்பித்தால் பொதுவான கையேடு ஒன்றை அனுப்பிவிட்டு நின்றுவிடுவார்கள்.

ஆனால் பதிவேட்டுக்கு முன்பே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை, டைரக்டரி எனப்படும் பெயர், முகவரிப் புத்தகத்தைப் பார்ப்பது. போஸ்ட் ஆபீஸ் லண்டன் டைரக்டரி ஆண்டுதோறும் வந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் பல ஆண்டுகளின் பிரதிகளை இலவசமாகப் பார்க்கலாம். 1897-ஐ எடுத்து, வணிகர் பகுதியில் குடும்பப் பெயரைப் பாருங்கள். இருந்தால் பெயர், கடைப் பெயர், தெரு எண் மூன்றும் ஒரே வரியில் கிடைத்துவிடும். பிறகு ஒரு வருடம் முன்னே, ஒரு வருடம் பின்னே என்று பெயர் மறையும்வரை போங்கள். இரு முனையிலும் அவருக்கு முன்னால் இருந்தவர், பின்னால் வந்தவர் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் தேடும்போது உங்கள் ஆளின் பெயரைவிட அந்த இரண்டு பெயர்கள்தான் கைகொடுக்கும்.

டைரக்டரியில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, விவரம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் சேகரிக்கப்பட்டது; 1897 புத்தகம் காட்டுவது 1896 நிலவரம். இரண்டாவது, பீர்க்கடைகள் பப் பட்டியலில் வராது, பீர் சில்லறை விற்பனையாளர் என்ற தனிப் பட்டியலில் ஆள் பெயரோடு மட்டும் வரும். வாசலில் சிங்கம் தொங்கினாலும் புத்தகத்தில் சிங்கம் இருக்காது. 'ரெட் லயன்' கிடைக்கவில்லை என்று இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். மூன்றாவது விதவை. கணவர் இறந்தால் லைசென்ஸ் பெரும்பாலும் மனைவி பெயருக்கு மாறும். அவர் மறுமணம் செய்தால் பெரும்பாலும் புதுக் கணவரின் பெயருக்குப் போகும். கடைக்குள் அதே குடும்பம், அதே பிள்ளைகள்; ஏட்டில் மட்டும் வேறு பெயர். குடும்பப் பெயர் திடீரென்று அறுந்தால், கடை கைமாறிவிட்டது என்று எழுதுமுன் ஒரு மறுமணத்தைத் தேடிப்பாருங்கள்.

இதே வேலையை வேறு பக்கத்திலிருந்தும் செய்யலாம். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1813-லிருந்து தகப்பனார் தொழிலும் வசிப்பிடமும் தனிக் கட்டங்களில் இருக்கும். லண்டன் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் பெற்றோர் பெயரும் முகவரியும் இருக்கும். 1890-களில் மாமனாரின் தாத்தாவுக்குத் தம்பி தங்கை யாராவது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், அந்தக் குழந்தையின் முகவரிதான் உங்கள் பப்பின் முகவரி. தலைமகனை மட்டும் துரத்தாமல் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் எழுதிப் பாருங்கள்.

செய்தித்தாள்களை மறக்கவே கூடாது. உள்ளூருக்கு 'சவுத் லண்டன் பிரஸ்', தொழிலுக்கு 1794-லிருந்து வந்த 'மார்னிங் அட்வர்டைசர்'. லைசென்ஸ் மாற்றம், அபராதம், ஏலம் எல்லாம் வரும். அந்தக் காலத்தில் சந்தேக மரண விசாரணைகள் பெரும்பாலும் பப் மாடியில்தான் நடந்தன. ஆகவே தெருப் பெயரோடு மரண விசாரணையைக் குறிக்கும் 'இன்க்வெஸ்ட்' (inquest) என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் கடைப் பெயர் கிடைக்கும். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும் என்பதால் குடும்பப் பெயரை இரண்டு மூன்று எழுத்துப்பிழைகளோடும் தேடுங்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம். ஆனால் பல பொது நூலகங்களில் இலவசமாகத் திறந்து தருகிறார்கள். சந்தா கட்டுமுன் உங்கள் நூலகத்தில் கேளுங்கள்.

குவளையும் படமும்

கடிதத்தில் குவளையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. பப்புகளில் பியூட்டர் குவளைகள் ஓயாமல் திருடு போயின. அதனால் கடைக்காரர்கள் தங்கள் பெயர், கடைப் பெயர், தெரு மூன்றையும் அதில் செதுக்கிவைத்தார்கள். பல குவளைகளில் அது அடிப்பாகத்திலோ, கைப்பிடிக்கு எதிரே உடம்பிலோ இருக்கும். நூறு வருடத் துடைப்பில் எழுத்து மழுங்கியிருக்கும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் குவளையின் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும்பும். விளக்கைச் சுற்றிச் சுற்றி நகர்த்தி நாலைந்து படம் எடுங்கள். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் அதோடு போய்விடும்.

விளிம்புக்குக் கீழே சின்னதாக ஒரு கிரீடமும், ராஜா ராணியின் பெயர் எழுத்துகளும், ஓர் எண்ணும் இருக்கலாம். குவளையின் கொள்ளளவு சரி என்று எடை அளவு அதிகாரி குத்திய முத்திரை அது. வி.ஆர். என்றால் விக்டோரியா, 1901-க்கு முந்தையது, ஈ.ஆர். என்றால் 1901-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது, ஜி.ஆர். என்றால் அதற்கும் பிந்தையது. 1879-லிருந்து ஒவ்வொரு உள்ளூர் அதிகாரத்துக்கும் தனி எண் தரப்பட்டதால் அந்த எண்ணை வைத்து எந்தப் பகுதியில் முத்திரை குத்தினார்கள் என்று கண்டுபிடிக்கலாம். செதுக்கியிருப்பது வேறு ஒருவர் பெயராக இருந்தால் ஏமாற வேண்டாம். பழைய கடைக்காரரின் பாத்திரங்களைப் புதியவர் விலைபேசி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அந்தப் பெயரே உங்களைக் கடைக்குக் கொண்டுபோகும்.

புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுக்காமல் ஸ்கேனரில் 1200 டி.பி.ஐ. அளவில் எடுங்கள். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து 'இதுதான் கடைக்காரர்' என்று எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பீர் ஆலையின் பெயர். கடைக்காரரின் பெயர் கதவு நிலைக்கு மேலே ஒற்றை வரியில் பொடியாக எழுதியிருக்கும். இன்னது இன்னது விற்க லைசென்ஸ் பெற்றவர் என்ற வாசகமும் கூடவே வரும். அந்த வாசகத்தில் சாராயம் என்ற சொல் இருந்தால் முழு லைசென்ஸ் கடை, பீர் மட்டும் இருந்தால் பீர்க்கடை. ஆலையின் பெயர் தெரிந்தால் இன்னொரு கதவு திறக்கும். விட்பிரெட், ட்ரூமன், கரேஜ், பார்க்ளே பெர்கின்ஸ் போன்ற லண்டன் ஆலைகளின் பழைய கணக்குகளும் குத்தகைப் பத்திரங்களும் பெருமளவு லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. கரேஜ், பார்க்ளே பெர்கின்ஸ் இரண்டும் உங்கள் பெர்மாண்ட்சிக்குப் பக்கத்து ஆலைகள்.

இடம்

முகவரி கிடைத்ததும் அதே எண்ணை இன்றைய வரைபடத்தில் தட்டினால் தப்பான வாசலில் போய் நிற்பீர்கள். லண்டனில் 1850-களிலிருந்தே தெருப் பெயர்களையும் வீட்டு எண்களையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் பெரிய அலை ஒன்று அடித்தது. எண்ணை நம்பாமல் மூலையை நம்புங்கள். டைரக்டரியின் தெருப் பகுதியில் வீடுகளுக்கு நடுவே 'இங்கே இன்ன தெரு வந்து சேர்கிறது' என்று குறிப்புகள் இருக்கும். உங்கள் பப் எந்த இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவில், சாலையின் எந்தப் பக்கம் என்று அதிலிருந்தே வரைந்துவிடலாம். பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். 1890-களில் ஒரு மைலுக்கு 5 அடி அளவில் வரைந்த லண்டன் தாள்கள் அங்கே இலவசம். அந்த அளவில் வீட்டின் வாசற்படிகூடத் தெரியும். பப் இருக்குமிடத்தில் 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமாக பி.எச். என்ற இரண்டெழுத்து இருக்கும். இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் அதிலேயே உண்டு.

குண்டு விழுந்ததா என்பதற்கு லண்டன் கவுன்ட்டி கவுன்சில் போர்க்காலத்தில் வண்ணம் தீட்டிய சேத வரைபடங்கள் இருக்கின்றன. கறுப்பு என்றால் முழு நாசம். ஊதா என்றால் சரிசெய்ய முடியாதது. மஞ்சள் என்றால் லேசான அதிர்வுச் சேதம். உங்கள் மூலை மஞ்சளாக இருந்தால் கட்டடத்தைக் கொண்டுபோனது குண்டல்ல, பெரும்பாலும் பிற்காலத்துக் குடிசை அகற்றமோ சாலை விரிவோ. அதையும் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 'குண்டு விழுந்தது' என்று அவர் சிறுவயதில் கேட்டது பக்கத்துக் கட்டடத்தைப் பற்றியும் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. 1904-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பப்புகள் மிகுந்த பகுதிகளில் தேவையில்லாதவற்றை நஷ்டஈடு கொடுத்து மூடினார்கள். பல பழைய பப்புகள் காணாமல்போனது இப்படித்தான்.

அந்தப் பப்பின் முந்தைய வரலாறும் வேண்டுமென்றால் ஒரு விஷயம்: 1889-க்கு முன் பெர்மாண்ட்சி சர்ரே மாவட்டத்தில் இருந்தது. மாவட்ட நீதிமன்றத்தின் பழைய ஏடுகள் வோக்கிங்கிலுள்ள சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. லண்டனில் மட்டும் தேடினால் கிடைக்காது.

'ஏமாற்றிப் பறித்தார்கள்' என்பது

இந்த வார்த்தையை நீங்கள் இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதில் சற்று நிற்கிறேன். நம் ஊரில் கள்ளுக்கடை ஏலம் எடுத்தவரை 'கடைக்காரர்' என்போம். கடை இருந்த மனை வேறு யாருடையதாகவோ இருக்கும். பெர்மாண்ட்சியிலும் ஏறக்குறைய அதே கதைதான். லைசென்ஸ் ஒருவர் பெயரில், நிலம் இன்னொருவருக்கு, நடுவில் நீண்ட குத்தகை. அந்தக் குத்தகையை வாங்கப் பப்காரருக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் பீர் ஆலை. அடமானமாகக் குத்தகைப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். நிபந்தனையாகத் தன் பீரைத்தான் விற்க வேண்டும் என்று கட்டிப்போடும். 1896-லிருந்து 1899 வரை லண்டனில் பப் விலைகள் தாறுமாறாக ஏறின. நிறையப் பேர் கடன் வாங்கி அதிக விலைக்கு எடுத்தார்கள். பிறகு சந்தை சரிந்தது. வட்டி கட்ட முடியாதவர்களிடமிருந்து ஆலைகள் அடமானத்தை எடுத்துக்கொண்டன. உங்கள் சான்றிதழ் 1897. அந்தக் கூலியாள் 1901. நடுவில் இருப்பது இந்தச் சரிவு. இது நிரூபணம் ஆகாது, ஆனால் இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்று எண்ணத் தூண்டும் பொருத்தம். அரசு அறிவிப்புகள் வரும் லண்டன் கெஸட்டின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். 1898-லிருந்து 1902 வரை திவால் அறிவிப்புகளில் அவர் பெயரைத் தேடுங்கள். கிடைத்தால் முகவரியும் அதிலேயே இருக்கும்.

அப்படித் திவாலாகியிருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு அது 'பறித்துக்கொண்டார்கள்' என்று வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. பறிபோனவருக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அடமானம் மூழ்கியது. இன்றைக்கு அந்த மனையில் உரிமை கோரலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், முடியாது. அவருக்கு நிலம் சொந்தமாகவே இருந்திருந்தாலும், இங்கிலாந்தில் நிலத்தை மீட்கும் வழக்குக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 12 ஆண்டுகள்தான் கெடு. 'பழைய சொத்தை மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்கள் யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்கு மட்டும் ஒரு நல்ல ஆவணம் உண்டு. 1910-ஐ ஒட்டி அரசு நாடு முழுவதும் நில மதிப்பீடு செய்தது. அந்தக் களப் புத்தகங்கள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலச் சொந்தக்காரர், குத்தகைக்காரர், குடியிருப்பவர் மூவரும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பார்கள். பல பக்கங்களில் கட்டடத்தின் அறைகளும் விவரமாக இருக்கும். முதலில் வரைபடத்தில் மனை எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணைக் கொண்டு புத்தகத்தைக் கேட்க வேண்டும். உங்கள் குடும்பம் வெளியேறிப் பத்து வருடம் கழித்த நிலவரம்தான் அது, ஆனால் கட்டடம் அதே கட்டடம்.

பெக்கம் அசைலம்

அத்தையின் துண்டுச்சீட்டைப் பார்த்துக் கொள்ளுப்பாட்டிக்கு மனநோய் என்று வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். மனநோய் இருந்திருந்தாலும் அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெக்கமில் அந்தப் பெயரில் வேறொன்று இருந்தது. பப் நடத்தி நொடித்துப்போன முதியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தொழில்காரர்களே சேர்ந்து 1827-இல் தொடங்கிய இலவசக் குடியிருப்பு, லைசென்ஸ்டு விக்சுவலர்ஸ் அசைலம். அசைலம் என்ற சொல்லுக்கு அங்கே அடைக்கலம் என்றுதான் பொருள். பக்கத்துச் சாலைக்கு இன்றும் அசைலம் ரோடு என்றே பெயர். கட்டடங்கள் கேரலின் கார்டன்ஸ் என்ற பெயரில் இன்னும் நிற்கின்றன, மக்கள் குடியிருக்கிறார்கள்.

அதே பெக்கமில் பெக்கம் ஹவுஸ் என்ற தனியார் மனநல விடுதியும் இருந்தது. ஆகவே ஊகிக்காமல் இறப்புச் சான்றிதழை வாங்குங்கள். இறந்த இடம் என்ற கட்டத்தில் எந்த நிறுவனம் என்று தெரிந்துவிடும். பதிவுத் துறையின் இணைய அட்டவணையில் இறந்தவரின் வயதோடு தேடலாம், தேடுவதற்குக் கட்டணம் இல்லை. 1911-இல் அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆண்டுச் சென்சஸையும் பாருங்கள். அவர் இருந்தது லைசென்ஸ்டு விக்சுவலர்ஸ் அசைலம் என்று உறுதியானால், அதுவே அவர் கணவர் பப் நடத்தியதற்குத் திருமணச் சான்றிதழைவிட வலுவான சாட்சி. தொழிலில் இருந்திராத ஒருவரின் விதவைக்கு அங்கே இடமில்லை. நூறு வருடமாக வீட்டில் மறைத்துவைத்த சீட்டே குடும்பக் கதையைக் காப்பாற்றக்கூடும், சகோதரி. நான் உங்களிடத்தில் இருந்தால் முதலில் செலவழிக்கும் பணம் இந்தச் சான்றிதழுக்குத்தான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. இணையத்து வம்சமரத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஓர் ஆவணத்தைக் கேளுங்கள். அது இல்லாத கணுவில் மரத்தை வெட்டிவிடுங்கள். 1700-களின் சத்திரக்காரர் அநேகமாக அங்கேயே உதிர்ந்துவிடுவார். ஆய்வாளருக்கு 600 பவுண்டு இப்போது வேண்டாம். டைரக்டரி, வரைபடம், கெஸட் மூன்றையும் நீங்களே மூன்று சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம். லைசென்ஸ் பதிவேடோ ஆலைக் கணக்கோ படிக்க வேண்டிய கட்டத்தில், இன்ன ஏடு, இன்ன ஆண்டுகள் என்று வரையறுத்து மணிக்கணக்கில் கொடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் எதைப் பார்த்தார் என்ற பட்டியலைத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நீங்களே போவதானால் பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், வாசிப்பறையில் பேனா அனுமதி இல்லை. அடையாள அட்டையோடு முகவரிச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மனத்தாங்கல் புரிகிறது. நம் ஊரில் சாராயக் கடை என்றால் கண்முன் வருவது வேறு. குடியால் அழிந்த வீடுகளை அவர் பார்த்திருப்பார், அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. குடி பெர்மாண்ட்சியிலும் குடும்பங்களை அழித்தது, அதையும் மகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தோல் பதனிடும் தெருக்களில் ஒற்றை அறையில் ஆறு பேர் வாழ்ந்த காலத்தில், நெருப்பும் வெளிச்சமும் உட்கார நாற்காலியும் இருந்த பொது அறை பப் ஒன்றுதான். மரண விசாரணை, சேமிப்புச் சங்கம், தொழிற்சங்கக் கூட்டம் எல்லாம் அங்கேதான் நடந்தன. அதை நடத்திய பெண் விடியலில் தரை கழுவி, நள்ளிரவில் கணக்குப் பார்த்தவர். அம்மாவிடம் 'சாராயக் கடை' என்று சொல்லாமல், சாப்பாடும் போட்டு ஊர்க்கூட்டமும் நடந்த கிளப்புக்கடை என்று சொல்லிப்பாருங்கள். ஓரளவு சரியாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது, மாமனாரோடு உட்காருவது. 'பப் எங்கே இருந்தது' என்று கேட்டால் அவருக்குத் தெரிந்த பதிலையே திரும்பச் சொல்வார். குவளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, இது உங்கள் வீட்டில் எந்த அலமாரியில் இருந்தது, யார் எடுத்துக் கொடுத்தார்கள், அப்பா இதைப் பற்றி எப்போது பேசுவார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். தேவாலயம், பள்ளி, ரயில் பாலம் என்று அவர் சொல்லும் அடையாளம் எதுவானாலும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்ய அவர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். திவாலோ அசைலமோ வெளிவந்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும். காலை வேளை நல்லது.